மேட்டு லயத்துக் காற்று

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டறை இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி தீட்டவும் மண்வெட்டிக்கு முனை போடவும் தோட்டத்து ஆட்கள் அங்கே வருவார்கள். வழக்கமாகச் சிரட்டைக் கரிதான் ஊதுவார்கள். இன்று காலை எங்கிருந்தோ கொஞ்சம் நிலக்கரி கிடைத்திருக்கும் போல. மருந்து வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தவன், வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அதே வாடை.

"என்னங்க ஐயா, கத்தி தீட்டணுமா?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

"ஒன்னுமில்லீங்க. சும்மா நின்னேன்."

நீ போய்விட்டாய் என்று உன் மகள் பூங்கொடி இந்தியாவிலிருந்து தொலைபேசியில் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அன்று அவள் அழுதாள், எனக்கு வரவில்லை. இன்று பட்டறை வாசலில் வந்தது. துடைத்துக்கொண்டு அறைக்கு வந்தேன். வந்து யாரிடம் சொல்வது? என் மனைவி போய்ப் பல வருடமாகிறது. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நம் காலத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் உன்னைப் போலவே கடல் தாண்டிவிட்டார்கள், மீதிப் பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீயும் நானும் மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தவர்கள். நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது; உங்கள் அப்பா இருமினால் எங்கள் வீட்டில் விழித்துக்கொள்வோம். தோட்டப் பள்ளிக்கூடத்தோடு நீ நின்றாய். எங்கள் கோயில் சாமியார் ஒருவர் கைகொடுத்ததால் நான் ஹட்டனுக்கும், பிறகு கொழும்புக்கும் போய் இயந்திரப் படிப்பு படித்தேன். திரும்பி வந்து நம் தோட்டத்து ஸ்டோரிலேயே, அந்தத் தேயிலை ஆலையின் இயந்திர அறைக்கு உதவி அலுவலராகச் சேர்ந்த அன்று, ஆலை வாசலில் நீதான் முதலில் எதிரே வந்தாய். மேல்மாடியில் கொழுந்தை வாடப்போடும் வேலைக்கு நீ பொறுப்பாக இருந்த நேரம் அது. தலைமுடியெல்லாம் கொழுந்துத் தூசி. என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"சார்னு கூப்புடணுமா, மச்சான்னு கூப்புடலாமா?"

"சாருன்னு கூப்புட்டா ஒதப்பேன்."

அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தில் வேறு யாரோடும் அப்படிப் பேசியதில்லை. ஸ்டாப் குவார்ட்டஸில் இருந்த மற்ற அலுவலர்களுக்கு நான் லயத்துப் பையன். லயத்தில் இருந்தவர்களுக்கு நான் காலுறை போட்டவன். இரண்டு பக்கத்திலும் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, ஆனால் சாய்ந்துகொள்ளக் கிடைக்கவில்லை. உன் வீட்டு வாசல்படி மட்டும் பழையபடியே இருந்தது.

எழுபதுகளின் நடுவில் எண்ணெய் விலை ஏறியது உனக்கு நினைவிருக்கும். டீசல் வருவதும் வராததுமாக இருந்தது. ஸ்டோரின் பின்புறத்தில் நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே துருப்பிடித்துக் கிடந்த பழைய கொதிகலனை மறுபடி மூட்டச் சொல்லிக் கொழும்பு அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ரயில்களெல்லாம் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்ததால் நிலக்கரி மிச்சம் கிடந்தது. அது றொசல்ல ஸ்டேஷனில் வந்து இறங்கும். லொறி மேலே இழுத்துக்கொண்டு வரும். கரி எரிந்து நீராவியாகி, நீராவி இயந்திரத்தைச் சுற்றி, இயந்திரம் மின்சாரத்தைக் கொடுத்தது. சின்னதுதான் என்றாலும் நமக்கென்று ஒரு அனல்மின் நிலையம். அதைப் பழுது பார்த்து ஓடவிட்டவன் நான். ரோதைச் சக்கரங்கள் சுற்றத் தொடங்கி, ஸ்டோரில் பல்புகள் எரிந்த அன்று மேல்மாடி ஜன்னலிலிருந்து நீ எனக்குக் கைகாட்டினாய். எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பல்பு எரிந்தது ஸ்டோரிலும், தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையின் பங்களாவிலும்தான். லயத்துக்கு மின்சாரம் கிடையாது. புகை மட்டும் லயத்துக்குப் போனது.

நம் தோட்டம் கிடந்த கிடை அப்படி. ஸ்டோர் பள்ளத்தில், ஆற்றோரம். அதன் இரும்புப் புகைபோக்கி கூரைக்கு மேலே கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கும். மேட்டு லயமோ எதிர்ச் சரிவில் இருந்தது. புகைபோக்கியின் வாயும் லயத்து வாசலும் ஏறக்குறைய ஒரே மட்டம். லயத்தின் கடைசியில் புள்ளக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. மூடுபனி இறங்கும் காலைகளில் புகைக்கு மேலே போக வழி இருக்காது. நேராகச் சரிவுக்கு வந்து, லயத்தைத் தடவிக்கொண்டு, புள்ளக்காம்பராவில் போய்த் தங்கும்.

உன் பூங்கொடி அப்போது அங்கேதான் தூளியில் கிடந்தாள். முதல் மழைக்குள்ளேயே அவளுக்கு இளைப்பு தொடங்கிவிட்டது. உன் மனைவி ராசம்மா கொழுந்தெடுத்துவிட்டு மலையிலிருந்து வந்து அவளைத் தூக்கினால், நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். மருந்துக்கார ஐயா கொடுத்த தண்ணி மருந்து ஒன்றும் செய்யவில்லை.

"அண்ணே, இது குளுரு இல்லண்ணே," என்று ராசம்மா என்னிடம் ஒரு மாலையில் சொன்னாள். "ஞாயித்துக்கெழம ஸ்டோரு நின்னா இவளுக்கும் நிக்குது."

நீ என்னைக் குற்றமாகப் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து உதறினாய். கறுப்புத் தூள் உதிர்ந்தது. அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து எனக்கொரு வேலை வந்தது. கொதிகலன் லாபமா நட்டமா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு மூட்டைக் கரிக்கு எவ்வளவு மின்சாரம் வருகிறது, எவ்வளவு தேயிலை ஆகிறது, எவ்வளவு சாம்பல் மிஞ்சுகிறது என்று அளந்து அனுப்பச் சொன்னார்கள். திறன் என்றால் அவர்களுக்கு அதுதான். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளப்பது. வெளியே வருவதில் புகையும் ஒன்று என்று எனக்குப் படித்துக்கொடுத்திருந்தார்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகச் சாயம் ஏறிய கட்டங்கள் உள்ள அட்டை ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு, தூரத்துப் புகை எந்தக் கட்டத்தின் நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"நிறம் பாத்தா போதுமா? வந்து விழுகுறத என்ன பண்ணுவ?"

"அதையும் அளக்கலாம்."

வெள்ளை எனாமல் தட்டுகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மேட்டு லயத்துக் கூரைகளிலும் புள்ளக்காம்பரா வாசலிலும் வைத்தோம். பள்ளத்து லயத்தில் வைத்தோம். புகைக் காற்று வராத பக்கம் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கப் பங்களாத் தோட்டத்திலும் ஒன்று வைத்தோம். தண்ணீர் வற்றியதும் அடியில் தங்கியதைச் சுரண்டி, தேயிலைச் சாம்பிள் நிறுக்கும் குட்டித் தராசில் போட்டுப் பார்த்தேன். வேலை முடிந்து நீ நேராக அங்கேதான் வருவாய். தட்டைக் கோழி தட்டிவிடாமல் ராசம்மா காவல் இருப்பாள். லயத்துச் சனங்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே, "சார், எங்க வூட்டு மேலயும் ஒன்னு வைங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் அந்தத் தோட்டத்தில் தனியாள் இல்லை என்று நினைத்த நாட்கள் அவைதாம். அதற்கு முன்னும் அப்படி இருந்ததில்லை, பின்னும் இல்லை.

அறிக்கையில் இரண்டு கணக்கு எழுதினேன். ஒரு மூட்டைக் கரியால் ஸ்டோருக்குக் கிடைப்பது ஒன்று. அதே மூட்டையால் மேட்டு லயத்தின் மேல் விழுவது இன்னொன்று. காற்றை ஒழுங்காக விட்டுக் கரியை முழுக்க எரித்தால் கரியும் மிச்சம், புகையும் குறையும். புகைபோக்கியைச் சரிவுக்கு மேலே உயர்த்தினால் மீதியும் காற்றோடு போய்விடும் என்று எழுதி, படமும் வரைந்து கொடுத்தேன். பெரிய துரை அதைப் படித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டாவது கணக்கின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "கேட்டது மட்டும் அனுப்பு" என்றார். நான் மறுபடி எழுதிக் கொடுத்தேன், இரண்டு கணக்கோடும். அவர் மறுபடி கோடு போட்டுத் தன் கையாலேயே சுத்தமாக எழுதி அனுப்பிவிட்டார்.

அதை உன் வாசல்படியில் உட்கார்ந்து சொன்னேன். நீ பூங்கொடியை நெஞ்சில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாய்.

"கரி மூட்டுன மொத நாளே எனக்கு ஒரு உத்தரவு குடுத்தாங்க தெரியுமா மச்சான்? மேல்மாடியில பொகக் குழாப் பக்கத்து ஜன்னலெல்லாம் அடச்சே வச்சிருக்கணும்னு. கொழுந்துல பொக வாட ஏறிடுமாம்."

"தெரியும்."

"அப்ப அவங்களுக்கும் தெரியும்ல. இந்தப் பொக எங்க போனா என்ன ஆகும்னு."

பிறகு நீ வேறு ஏதோ பேசினாய். நெஞ்சுக்குள் என்ன முடிவு எடுத்தாய் என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி கொதிகலனைப் பார்க்க வந்தார். அதற்கு முதல் நாள் காலையில், பெரட்டு கலைந்து எல்லோரும் பார்க்க, மேல்மாடியில் அந்தப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாக நீ திறந்துவிட்டாய். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அன்று விருந்தாளிக்கான ஏற்பாட்டில் இருந்தார். மேலே யாரும் வரவில்லை. ஒரு நாள் கொழுந்து முழுவதும் அந்தப் புகையில் வாடியது.

மறுநாள் தேயிலை ருசி பார்க்கும் மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. அதிகாரி, பெரிய துரை, டீமேக்கர் ஐயா, நான். அதிகாரி ஒரு வாய் உறிஞ்சினார். வாயில் வைத்தபடியே துரையைப் பார்த்துவிட்டுத் துப்பினார். அடுத்த கோப்பையையும் துப்பினார். டீமேக்கர் ஐயா ருசித்துப் பார்த்தபோது அவர் முகம் வெளுத்துப்போனது.

உன்னைக் கூட்டிவரச் சொன்னார்கள். கையில் ஒட்டியிருந்த கொழுந்தைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்து நின்றாய்.

"ஜன்னல் யாரு தொறந்தது?" துரை தன் தோட்டத் தமிழில் கேட்டார்.

"நான்தாங்க தொர."

"மறந்துபோச்சா?"

அவர் உனக்கொரு வழி விட்டார். அதை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் வேலை கொடுக்காமல் நிறுத்தி வைப்பதோடு போயிருக்கும்.

"இல்லீங்க. வேணும்னுதான் தொறந்தேன். இந்தக் கொழுந்துக்கு ஒரே ஒரு நாள் அந்தக் காத்தக் குடுத்தேங்க. ஐயாமாருக்கு வாயில வைக்க முடியல. எங்க மேட்டு லயத்துப் புள்ளைங்க மழைக்கு முந்தியிருந்து அதத்தான் குடிக்குதுங்க."

நீ குரலை உயர்த்தவில்லை. அதிகாரிக்குத் தமிழ் புரியாததால் டீமேக்கர் ஐயா அதைச் சிங்களத்தில் சொன்னார். ஒரு வார்த்தையையும் விடாமல்தான் சொன்னார். அதற்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அதிகாரி என் பக்கம் திரும்பி, இது நிஜமா என்று கேட்டார். கோடு போட்ட கணக்கு எனக்கு மனப்பாடம். தட்டு தட்டாகச் சொன்னேன். பங்களாத் தோட்டத்துத் தட்டையும் சொன்னேன். துரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டு லயத்தைப் பார்க்க அதிகாரி வரவில்லை. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் புகைபோக்கியை மட்டும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். அடுத்த மாதமே வட்டவளைப் பக்கத்திலிருந்து இரும்பு வேலைக்காரர்கள் வந்தார்கள். புகைபோக்கி இரண்டு மடங்கு உயர்ந்தது. அடுப்புக்குக் காற்று விடும் கதவையும் நான் கேட்டபடி மாற்றினார்கள். உத்தரவில், தேயிலையின் தரம் காக்க என்று எழுதியிருந்தது. ஒரு ஆளின் கையில் உள்ள ஜன்னலை நம்பிக் கொழுந்தை விட முடியாது அல்லவா.

புகைபோக்கி உயர்ந்த அதே வாரம் உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொழுந்தை வேண்டுமென்றே கெடுத்தாய் என்று. சங்கத்துத் தலைவர் வந்து பேசினார். நான் துரையிடம் இரண்டு முறை போய் நின்றேன். "உன் கூட்டத்துக்கு நீ பேசுறது எனக்கு விளங்குது. ஆனா ஸ்டோர் என்னா ஆகும்?" என்றார். வேலை போனால் காம்பராவும் போகும். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்களின் வரிசையில் உன் குடும்பத்தின் பெயர் ஏற்கெனவே இருந்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன், கையெழுத்துப் போட்டுவிட்டாய்.

புதுப் புகைபோக்கிக்குக் கீழே நீங்கள் இருந்தது கொஞ்ச நாள்தான். பூங்கொடி வாயை மூடிக்கொண்டு தூங்கத் தொடங்கினாள். ராசம்மா என்னைக் கூப்பிட்டு, "கேளுங்கண்ணே, சத்தமே இல்ல" என்று குழந்தையின் நெஞ்சைக் காட்டினாள். குனிந்து காதை வைத்துக் கேட்டேன். அந்த மாதிரி ஒரு அமைதியை நான் எந்த இயந்திரத்திலும் கேட்டதில்லை.

ஹட்டன் ஸ்டேஷனில் உங்களை ஏற்றிவிட்டபோது பெட்டி முழுக்க அழுகை. யாரோ ஒரு கிழவர் வழியனுப்ப வந்தவர்களின் கையை விடாமல் ரயிலோடு இழுபட்டார். நீ மட்டும் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தாய். கடைசியாக, "மச்சான், மேல்மாடிக்கு வர்ற புது ஆளு சின்னப் பையன். ஒரு கண்ணு பாத்துக்க" என்றாய். ரயில் போனதும் நான் தோட்டத்துக்குத் திரும்பி, பழக்கத்தில் மேட்டு லயத்துக்கு ஏறிவிட்டேன். உன் கதவில் பூட்டுத் தொங்கியது. வாசல்படியில் உட்காரவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் நின்றேன். காற்று நன்றாக இருந்தது.

ஒரே ஒரு முறை உன்னைப் பார்க்க வந்தேன். எண்பதுகளின் தொடக்கம், தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். கடற்கரை ஊர் ஒன்றில் பெரிய அனல்மின் நிலையத்துக்குக் கரி இறக்கும் இடத்தில் நீ வேலை செய்தாய். "இந்தக் கரி என்னய விட மாட்டேங்குது மச்சான்" என்று சிரித்தாய். அந்த ஊரில் உன்னைச் 'சிலோன்காரர்' என்று கூப்பிட்டார்கள். இங்கே இருந்தவரை நம்மை இந்தியாக்காரர் என்றார்கள். அதையும் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு அவ்வளவாக நன்றாக இல்லை.

மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து அந்தப் பெரிய புகைபோக்கிகளைப் பார்த்தோம். பூங்கொடி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்கு முன்னும் பின்னுமாக, மூச்சு இளைக்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். அவளை நீ நிறுத்தவே இல்லை.

"இத எப்படி அளப்பாங்க?" என்று கேட்டாய்.

நான் சொன்னேன். ஒரு டன் கரிக்கு எத்தனை யூனிட் என்று பார்ப்பார்கள். இப்போது புகைபோக்கிக்குள்ளேயே கருவி வைத்துத் தூசியையும் பார்க்கிறார்கள். கரி குறைவாக எரிந்து வெளிச்சம் கூடினால் புகையும் குறையும். எங்கெங்கே எவ்வளவு போய் விழுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஊர் பெரியதல்லவா.

"தட்டு நெறைய வேணும்," என்றாய்.

"ஆமா. காவலுக்கு ராசம்மாவும் நெறைய வேணும்."

நீ வாய்விட்டுச் சிரித்தாய். மணலில் கை ஊன்றிப் பின்னால் சாய்ந்து சிரித்தாய். நான் கேட்கத் துணியாமல் சுமந்து வந்த கேள்வியை அப்போதுதான் கேட்டேன். அந்த ஜன்னலைத் திறந்ததற்காக எப்போதாவது வருத்தப்பட்டாயா என்று.

நீ கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாய். "ஜன்னலுக்கு வருத்தமில்ல. ஊரு ஞாபகம் வந்தாத்தான் கஷ்டம். இங்க மழகூட வேற மாதிரி பேயுது."

சில வருடங்களில் கப்பல் நின்றது. சண்டை பெருகியது. உன் கடிதங்கள் குறைந்தன, என்னுடையதும்தான். நான் திம்புள்ளப் பக்கம் ஒவ்வொரு ஸ்டோராகப் போய்க் கொதிகலனும் அடுப்பும் அளக்கிறவனாகவே ஓய்வு பெற்றேன். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் இயந்திர அறைக்குப் போகமாட்டேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்து லயத்துக்கு ஏறுவேன். சில துரைமார் அந்தக் கணக்கையும் கேட்டு வாங்கினார்கள். சிலர் கோடு போட்டார்கள். அவற்றையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது உன் முகம்தான் வரும். சொல்ல ஆளில்லாமல் பழகிப்போனதும் ஒரு வயதுக்கு மேல் வலிக்காது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

இன்று பட்டறையிலிருந்து வந்தவனுக்கு அறையில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியான ரயிலில் றொசல்லவுக்குப் போய், மெதுவாக ஏறி, மேட்டு லயத்துக்குப் போனேன். ஸ்டோரில் கரி எரிவது நின்று பல காலமாகிவிட்டது. லயத்துக்கு மின்சாரமும் வந்துவிட்டது. உன் காம்பராவில் இப்போது ஒரு இளம் குடும்பம். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அந்தப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பால் ஊற்றாத சாயத்தண்ணி கொடுத்தாள்.

பேச்சுவாக்கில் பள்ளத்திலிருந்த புகைபோக்கியைக் காட்டி, அது ஏன் அவ்வளவு உயரம் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"தேயில நல்லா வரணும்னு தொரமாரு அந்தக் காலத்துல ஒசத்துனாங்களாம். எங்க மாமா சொல்லுவாரு."

"இல்லம்மா," என்றேன். நடந்ததைச் சொன்னேன். இந்தக் காம்பராவில் இருந்தவர் என்று சொன்னேன். உன் முழுப்பெயரையும், உன் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். அந்த லயத்தில் அந்தப் பெயர் சத்தமாகக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. அவள் அதைத் திருப்பி ஒரு முறை சொல்லிப் பார்த்தாள், சரிதானா என்று கேட்கிற மாதிரி. சரிதான் என்று தலையாட்டினேன்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும் ஐயா?"

அதற்கு என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. உன்னிடம்கூட ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"கூட்டாளிம்மா," என்றேன். "எனக்கு இருந்த ஒரே கூட்டாளி."